ஒரு பாட்டில் வெள்ளை விழுது

ஜனவரி 6

அகில உலகக் கேன்டீன்களின் சக்கரவர்த்தினியும் என் ஒரே அக்காவின் ஒரே மகளுமான மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கமாட்டேன். நலமில்லாதவன் நான்தான். என் பிறந்தநாள் விருந்தில் சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் வெள்ளை விழுது பாட்டிலின் மூடியைத் திறந்தேனோ இல்லையோ, நீ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாய். வீடு பற்றி எரிந்தால்கூட ஜனங்கள் இன்னும் கொஞ்சம் நிதானமாக ஓடுவார்கள். உன் அம்மா, “அவளுக்கு ஏதோ அவசர வேலை” என்று சமாளித்தாள். பூந்தொட்டியில் வாந்தியெடுப்பது என்ன அவசர வேலை? அந்தச் செடி மறுநாளே பட்டுப்போனது.

இந்தப் பூமியில் என் சமையலை நம்பியவள் நீ ஒருத்திதான். உன் அத்தை கல்யாணமான நாள் முதலாக எல்லா ஜன்னலையும் திறந்து வைத்த பிறகுதான் என்னை அடுப்படிக்குள் விடுகிறாள். நீயோ சின்ன வயதில் தட்டை வழித்துவிட்டு, “மாமா, இன்னும் கொஞ்சம்” என்று கேட்பாய். அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருஷமாக என் மானம் நின்றுகொண்டிருக்கிறது.

ஆகவே ஒரு பாட்டில் பஸ் பார்சலில் வருகிறது. சந்தேகமிருந்தால் நீயே செய்து பார்: நான்கு பூண்டைத் தோலோடு சுட்டுப் பிதுக்கி எடு. வெண்ணெயில் மசி. பாலில் ஒரு பிடி மைதாவைக் கரைத்துக் காய்ச்சி அதில் சேர். பிறகு, சாதாரண மனிதர்கள் கைநடுங்கி நின்றுவிடும் அந்த இடத்தில், ஒரு கைப்பிடி கருவாட்டுத் தூளைப் போடு. அவ்வளவுதான். சாம்ராஜ்யங்கள் இதற்காக மண்டியிடும்.

தின்றுவிட்டுத் தீர்ப்பை எழுத்தில் அனுப்பு. போனில் வேண்டாம். போனில் என் குரல் தழுதழுத்துவிடும். எழுத்தில் நான் எப்போதும் கம்பீரம்.

இப்படிக்கு,
வாந்தியெடுக்கப்பட்ட மாமன்

ஜனவரி 14

மாமா,

பாட்டில் வந்தது. தின்றுவிட்டேன். முழுப் பாட்டிலையும்.

முதலில் கரண்டியால், பிறகு விரலால், கடைசியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் குடித்தேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. பூண்டு வாடை இல்லை. கருவாட்டு வாடை இல்லை. எந்த வாடையுமே இல்லை! வழவழவென்று, குளுகுளுவென்று, தொண்டையைத் தொந்தரவு செய்யாமல் இறங்கியது. ரொம்ப நாளாக எனக்கு எதுவும் இப்படி இறங்கவில்லை.

நீங்கள் எழுதிய செய்முறை இதற்கு உரியதல்ல என்று தோன்றுகிறது. எதை விட்டீர்கள்? எதுவானாலும் நல்லதுதான் செய்தீர்கள். இன்னும் இரண்டு பாட்டில் சீக்கிரம் அனுப்புங்கள்.

விருந்தன்று நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். அதற்கொரு காரணம் இருக்கிறது. இப்போது எழுத முடியவில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். செடிக்காகவும் வருத்தம்.

ஜனவரி 22

முன்னாள் மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் தரையில் நடக்கவில்லை. அதைச் சட்டம் போட்டு என் பைண்டிங் கடையில், பேப்பர் வெட்டும் மிஷினுக்கு நேர் மேலே மாட்டினேன். வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதைப் படித்த பிறகுதான் ரசீது வாங்க முடிந்தது. உன் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். “எந்த வாடையுமே இல்லையாம்! கேட்டியா?”

“அப்ப அது நீங்க செஞ்சது இல்ல” என்றாள்.

பொறாமை என்று நினைத்தேன்.

மறுநாள் வக்கீல் வந்தார். முதலில் நாற்றம் வந்தது, பிறகு வக்கீல் வந்தார், அவருக்குப் பின்னால் தெருப்பூனைகளின் ஊர்வலம் வந்தது. அவருடைய வழக்குக் கட்டுகளை ஒரே தொகுதியாக, தோல் முதுகும் தங்க எழுத்தும் வைத்து பைண்டிங் செய்து கொடுத்திருந்தேன். என் வாழ்நாளின் உன்னதமான வேலை. அதைக் கோர்ட்டில் விரித்திருக்கிறார். நீதிபதி சாட்சிக்கூண்டைப் பார்த்து, “குளிச்சிட்டு வந்தீங்களா?” என்று கேட்டாராம். பக்கங்களெல்லாம் நெய்யில் முக்கிய மாதிரி பளபள. எறும்புகள் முதல் பக்கத்தில் நுழைந்து, வழக்கு முழுவதையும் படித்துவிட்டு, தீர்ப்புப் பக்கத்தில் குட்டி போட்டிருந்தன.

“என்னய்யா இது, பைண்டிங்கா மீன் மார்க்கெட்டா?” என்று மேஜையில் எறிந்தார். எறிந்த இடம் இன்னும் கழுவக் கழுவ நாறுகிறது.

பசை பாட்டிலைத் திறந்து பார்த்தேன். என் வெள்ளை விழுது என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஆகவே உனக்கு வந்தது? பசை! மைதாவும் தண்ணீரும், பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை படிகாரமும். ஒரே மாதிரி பாட்டில், ஒரே மாதிரி வெள்ளை. தவறு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பைண்டிங் பசையை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் இரண்டு பாட்டில் கேட்கும் ஜீவன் இந்த உலகத்தில் கிடையாது. ஆகவே நீ திறக்கவேயில்லை. அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, வழவழ குளுகுளு என்று கதை விட்டிருக்கிறாய்.

என் முகத்துக்கு முன்னால் வாந்தியெடுத்ததைக்கூட மன்னித்தேன். முதுகுக்குப் பின்னால் குப்பையில் கொட்டியதை மன்னிக்கமாட்டேன். சட்டத்தைக் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது.

ஜனவரி 29

மாமா,

கத்தி முடித்தாயிற்றா? இப்போது என் முறை.

திறந்தேன். தின்றேன். பசை என்று தெரியாமல் தின்றேன். தெரிந்துவிட்டது, இனியும் தின்பேன். அனுப்புங்கள்.

மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது ஞாபகமிருக்கிறதா? அதோடு மூக்கும் போனது. கொஞ்ச நாள் எந்த வாசனையுமே இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிறகு திரும்பி வந்தது. ஆனால் வந்தது என் மூக்கு இல்லை. காபி போட்டால் சாக்கடையில் ரப்பர் எரிகிறது. வெங்காயம் வதங்கினால் பிணம் வேகிறது. முட்டையைப் பற்றி எழுதினாலே இந்தக் காகிதத்தின் மேல் வாந்தி வரும். பல் தேய்க்கும் பேஸ்ட் அழுகின பழம். என் தலையணை, என் துணி, என் வியர்வை எல்லாம் நனைந்த நாய். குழாய்த் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிக்கிறேன். எனக்குப் பிடித்த சாப்பாடு என்று ஒரு காலத்தில் எத்தனை இருந்தது! ஒவ்வொன்றும் இப்போது ஒவ்வொரு விதமாக அழுகியிருக்கிறது.

இந்த மூக்கை வைத்துக்கொண்டு ஒரு குடைத் தொழிற்சாலை முழுவதற்கும் சமைக்கிறேன். அண்டா அண்டாவாக வெங்காயம் வதக்குகிறேன். பின்பக்கம் ஓடி வாந்தியெடுத்துவிட்டு, வாய் கொப்பளித்து, “உக்காருங்க, சூடா இருக்கு” என்று பரிமாறுகிறேன். அவர்கள் ஆசையாக அள்ளி அள்ளித் தின்பதைப் பார்த்தால் குமட்டுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த ஜனங்கள், மாமா. அவர்கள் மெல்லுவதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

குண்டூசிக்கு மட்டும் தெரியும். பாத்திரம் தேய்க்கிற அம்மாள். என்னைவிட மூத்தவள். உடம்பும் ஒல்லி, பேச்சும் குத்தும், அதனால் குண்டூசி. போன வாரம் டீ அண்டாவில் பாலை ஊற்றப்போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா, திரிஞ்ச பாலு, குப்புன்னு நாறுது. உனக்குத் தெரியல?”

தெரியவில்லை. எல்லாமே நாறும்போது எது நாறுகிறது என்று எப்படித் தெரியும்?

இந்த மாசக் கடைசியில்... இல்லை, பிப்ரவரிக் கடைசியில், முதலாளியம்மா வந்து சாப்பிட்டுப் பார்க்கப்போகிறார். சமையலறை எங்களிடமே இருப்பதா, இல்லை வெளியிலிருந்து வண்டியில் டப்பா சாப்பாடு வரவழைப்பதா என்று அன்றைக்கு முடிவு. டப்பா என்றால் நான், குண்டூசி, கூட இருக்கிறவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அவர்களுக்காவது வேறு இடத்தில் வேலை கிடைக்கும். மோந்து பார்க்கத் தெரியாத சமையல்காரியை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

அம்மாவிடம் சொல்லாதீர்கள். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். உங்கள் வாயை மைக் செட்டுக்காரர்கள் வாடகைக்குக் கேட்கிறார்கள்.

பிப்ரவரி 6

மருமகளே,

‘முன்னாள்’ என்ற சொல்லை வாபஸ் வாங்கிக்கொண்டேன். உன் கடிதத்தைப் படித்தபோது, என் சரித்திரத்தில் முதல்முறையாக, வாயில் ஒரு நையாண்டியும் வரவில்லை. உன் அத்தை பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலம்தான் சரியானேன்.

காது மூக்கு டாக்டர் ஒருவருக்கு நான்தான் ரிஜிஸ்டர் பைண்டிங் செய்கிறேன். அவரிடம் போய், என் மருமகள் என்று சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒரு ராணி என்று சொல்லிக் கேட்டேன். “காய்ச்சல்ல அந்த நரம்பு அடிபட்டிருக்கும். மெதுவாத்தான் திரும்பும், மாசக்கணக்கா ஆகலாம். ஆறின சாப்பாடா, வாசனை இல்லாததா சாப்பிடச் சொல்லுங்க. காலையிலயும் சாயங்காலமும் எலுமிச்சை, கிராம்பு மாதிரி நாலஞ்சு பொருளை மோந்து பாத்து பழகணும். முக்கியமா, வேலை செய்யற இடத்துல விஷயத்தைச் சொல்லிடச் சொல்லுங்க” என்றார்.

நல்ல டாக்டர். கற்பனைதான் சூனியம்.

உன் கஷ்டம் புரியவேண்டுமென்று நானும் ஒரு கரண்டி பசை தின்றேன். சீ! சீச்சீ! ஈரச் சுவரை நக்கின மாதிரி. நாக்கு மேலண்ணத்தோடு பைண்டிங் ஆகிவிட்டது. அரைநாள் பேச முடியவில்லை. அந்த அரைநாளை உன் அத்தை இன்னும் ஏக்கத்தோடு நினைத்துக்கொள்கிறாள். இதையா வழித்துத் தின்றாய், அம்மா? அப்படியானால் மற்றதெல்லாம் உனக்கு எப்படி இருக்கும்?

படிகாரம் இல்லாமல், மைதாவைப் பாலில் காய்ச்சி, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, ஆறவைத்து இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். பெயர்: ராணிப் பசை. உன் அத்தை மோந்து பார்த்துச் சான்றளித்துவிட்டாள்.

இனி என் மகத்தான திட்டம். முதலாளியம்மாவிடம் ஏன் சொல்லவேண்டும்? உனக்குக் கை இருக்கிறது, குண்டூசிக்கு நாக்கு இருக்கிறது. அவள் ருசி பார்த்துவிட்டு இருமட்டும். ஒரு இருமல் என்றால் உப்புப் போடு. இரண்டு இருமல் என்றால் போதும். யுத்தகளத்தில்கூட இவ்வளவு நுட்பமான சங்கேதம் கிடையாது. முதலாளியம்மா உன் கைக்கு வளையல் போடாவிட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

பிப்ரவரி 27

மாமா,

மீசையை எடுத்துவிடுங்கள்.

அன்று காலை குண்டூசி ஜலதோஷத்தோடு வந்தாள். எனக்கு விஷயம் புரிவதற்குள் முதலாளியம்மா சமையலறையிலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் பக்கத்தில். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்க வழியில்லை. சூப்பில் கொதி வந்தது. குண்டூசி இருமினாள். உப்புப் போட்டேன். இருமினாள். போட்டேன். கண்ணை உருட்டினாள், கையை ஆட்டினாள், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு மறுபடி இருமினாள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து அள்ளிப் போட்டேன். உருளைக்கிழங்குக்கும் அப்படியே. அவளுக்கும் மூக்கடைப்பில் ருசி ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு சொன்னாள். ஒரு அடுப்புக்கு முன்னால் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் மூக்கில்லை. யோசித்துப் பாருங்கள் உங்கள் யுத்தகளத்தை.

முதலாளியம்மா முதல் கரண்டியைத் தட்டிலேயே துப்பினார். எச்சிலும் கேரட்டுமாக, அதை என்னால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. “கடல்லருந்து நேரா மொண்டுட்டு வந்தீங்களா?” என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு அலுத்துப்போனது, மாமா. சிரித்துக்கொண்டே வாந்தியை விழுங்கி விழுங்கி அலுத்துப்போனது. “மேடம், எனக்கு மோப்பம் போயிடுச்சு. மழைக்காலத்துலருந்தே. நல்லது கெட்டது தெரியல” என்றேன்.

தட்டைத் தள்ளினார். “இத்தனை மாசமா வாசனை தெரியாமயா என் ஆளுங்களுக்குச் சமைச்சுப் போட்ட? கேக்கவே அருவருப்பா இருக்கு.”

அருவருப்பு! அதை எனக்குச் சொல்லித் தருகிறார்.

குண்டூசி இருமலோடு முன்னால் வந்தாள். “இத்தனை மாசமும் இவ கைக்கணக்குலதான் சமைச்சா. ஒரு தட்டு மிச்சம் வரல. கேட்டுப் பாருங்க. இன்னைக்கு எவனோ ஒரு புத்திசாலி குடுத்த யோசனையால கெட்டுப்போச்சு.”

மேனேஜர், தட்டு மிச்சம் வராதது நிஜம் என்று மெல்லச் சொன்னார். முதலாளியம்மா வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “மே மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். இந்தம்மா மோந்து பாத்து, ருசி பாத்து, சரின்னு சொல்லாம ஒரு கரண்டி வெளிய போகக்கூடாது. அதுக்குள்ள உன் மூக்கு திரும்பலன்னா டப்பா வண்டிதான்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

இனி எனக்கு யோசனை அனுப்பாதீர்கள். பசை மட்டும் அனுப்புங்கள்.

மார்ச் 5

மருமகளே,

எவனோ ஒரு புத்திசாலி எழுதிக்கொள்வது.

மீசையை எடுத்துவிட்டேன். முகம் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. வக்கீல் புது பைண்டிங் வாங்க வந்தவர் என்னிடமே, “ஓனர் இல்லையா?” என்று கேட்டார்.

கற்பனை இல்லாத டாக்டரிடம் மறுபடி போனேன். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தலைக்கனம் வந்துவிடும். மோந்து பார்க்கும் பயிற்சியை விடவே கூடாது என்கிறார். எலுமிச்சை, கிராம்பு, சோம்பு. எல்லாம் பிள்ளைப்பூச்சிகள். உன் மூக்கு தூங்குகிறதென்றால் கன்னத்தில் தட்டி எழுப்ப ஒரு தடியன் வேண்டும். ஆகவே இனி வாரா வாரம் ராணிப் பசையோடு என் வெள்ளை விழுது ஒரு சின்னப் பாட்டில் வரும். விழுது பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல், குழப்பம் வராது. தின்னவேண்டாம். மூடியைத் திற, மோந்து பார், வைதுவிடு, கொட்டிவிடு. என் சமையலைக் குப்பையில் போட என் வாயாலேயே அனுமதி தருகிறேன். இதைவிட ஒரு தாய்மாமன் சீர் செய்ய முடியாது.

யோசனை இல்லை இது. பார்சல்.

மே 12

மாமா,

எலுமிச்சை போன வாரம் லேசாக எலுமிச்சையாக இருந்தது. மறுநாள் இல்லை. அதனால் எழுதவில்லை.

நேற்று உங்கள் சிவப்பு நூல் பாட்டில் வந்தது. வழக்கம்போல அடுப்புக்குப் பக்கத்தில் நின்று திறந்தேன். வாரா வாரம் எனக்கு அதில் எரிந்த ரப்பர்தான் வரும். நேற்று வேறு ஒரு நாற்றம் வந்தது. ஐயோ! முகத்தில் ஈரத்துணியால் அடித்த மாதிரி. குடல் புரண்டது. கண்ணில் நீர். பக்கெட்டைக் கொண்டுவா என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு ஒரு சந்தேகம். பாட்டிலைக் குண்டூசியின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

பின்னாலேயே நகர்ந்து பாத்திர அடுக்கில் முட்டிக்கொண்டாள். “கருமம்! என்னம்மா இது? பூண்டும் கருவாடும் பாலுல கெடந்து செத்துப்போச்சு!”

பூண்டு. கருவாடு. பால். எனக்கும் அதேதான் வந்தது, மாமா. ரப்பர் இல்லை, பிணம் இல்லை. அவளுக்கு நாறினதுதான் எனக்கும் நாறியது. இரண்டு பேரும் ஒரே பக்கெட்டுக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தோம், நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன். அவள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் வாசல்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். மூன்று பேர்!

அப்புறம் குண்டூசி அவள் பாட்டுக்குப் போய் இரண்டு டம்ளரில் பால் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று இன்றையது, ஒன்று திரிந்தது. எது என்று சொல்லவில்லை. மோந்து பார்த்தேன். ஒன்றை எடுத்துத் தொட்டியில் ஊற்றினேன். அவள் மற்றதைக் குடித்துவிட்டு, “டப்பா வண்டிக்காரன் வேற கம்பெனி பாக்கட்டும்” என்றாள்.

காபி இன்னும் சாக்கடைதான். முட்டைப் பக்கம் போகவில்லை. ஆனால் சிக்கலில் ஒரு நூல் முனை கிடைத்துவிட்டது.

இரண்டு விஷயம். ஒன்று, நீங்கள் இந்தத் தடவை பழைய பாட்டிலை அனுப்பிவிட்டீர்கள். நன்றாகக் கெட்டுப்போயிருக்கிறது. அத்தை தொட்டுவிடப்போகிறார், மிச்சமிருந்தால் கொட்டிவிடச் சொல்லுங்கள். இரண்டாவது, சின்ன வயதில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்டது எனக்காக இல்லை. மேஜைக்கு அடியில் உங்கள் சாம்பல் பூனை உட்கார்ந்திருக்கும். மூக்கு திரும்பிய பிறகு பொய் சொல்ல மனசு வரவில்லை.

மே 17

மருமகளே,

உன் கடிதத்தைப் பழைய ஆணியில் மாட்டியாயிற்று. ‘குடல் புரண்டது’ என்ற வரிக்குக் கீழே, வக்கீல் புத்தகத்துக்குப் போட்டது போக மீதியிருந்த தங்க மையால் கோடு போட்டேன். உலகத்தில் எத்தனையோ சமையல்காரர்களைப் புகழ்ந்திருப்பார்கள். ஒருத்தன் சமையலை மூன்று பேர் ஒரே நேரத்தில் துப்பி, அதனால் ஒரு சமையலறை பிழைத்தது என்றால் அது நான் மட்டும்தான்.

உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். “மூக்கு திரும்பிடுச்சு, திரும்பிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். உன் அம்மாவிடம் இப்போது சொல்லிவிட்டேன். மைக் செட் இல்லாமல், மெல்லிய குரலில். தெருவுக்குத்தான் கேட்டது.

பூனை விஷயம் என் நெஞ்சைப் பிளந்துவிட்டது. ஆனால் அந்தப் பூனையும் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனதே, அதன் காரணம் இன்றைக்குத்தான் விளங்கியது.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். பாட்டில் பழையதல்ல. பார்சல் கட்டிய அன்று காலையில், புதுப் பூண்டு வாங்கி, கறந்த பாலில், பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

இப்படிக்கு,
மீசை முளைத்துக்கொண்டிருக்கும் மாமன்